பெட்டை என்னும் சொல்

பெண்ணைக் குறிக்கப் பேச்சு வழக்கில் புழங்கும் சொற்களில் இழிவு உண்டா என்னும் வினா, கவிஞர்கள் கூடிய அவையில் எழுவது பொருத்தமே. மக்கள் நாவில் வழங்கும் சொல்லைக் கவிதைக்குள் கொண்டுவருவது தங்கள் உரிமை என்பர் கவிஞர். அதனை மறுப்பார் இலர். எனினும் அச்சொல் யாருடைய நாவில், யாரை நோக்கி வழங்குகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

'பெட்டை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஒட்டகம், குதிரை, கழுதை ஆகியவற்றின் பெண்ணுக்கும் பறவைகளின் பெண்ணுக்கும் உரிய பெயராக இதனைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. விலங்கின் பெயர் பெண்ணுக்கு வந்ததே இழிவு என்று முடிவு கட்டுதல் எளிது, ஆனால் பிழை. அதே மரபியலில் பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணுக்குப் பெயர் 'பாட்டி'. இன்று எந்தப் பாட்டியும் அதற்காக வருந்துவதில்லை! யாழ்ப்பாணத்திலோ பெடியன், பெட்டை என்பன ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்னும் அளவிலேயே வழங்குகின்றன. வயதில் மூத்தவரை அவ்வாறு சுட்டுவது அங்கும் மரியாதை ஆகாது என்பது வேறு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என இணையாய் நிற்பதால் அங்கே சொல் சுடுவதில்லை. மலையாளத்துப் 'பெண்குட்டி'யும் அத்தகையதே. தமிழ்நாட்டுத் தெருமுனையில் இளைஞர் கூட்டம் 'குட்டி' என்னும்போது பொருள் வேறாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 'பொட்டை' என வழங்கும் சொல்லின் கதை கசப்பானது. கோழையான ஆணைப் பழிக்கப் 'பொட்டைப்பயல்' என்பர். அவ்விடத்தில் பெண் எவரும் இல்லை. ஆயினும் பெண்ணாயிருத்தலே வசையாகிறது. திருநங்கையர் மீது எறியப்பட்டதும் இச்சொல்லே. சிற்றூர்ப் பேச்சில் 'பொட்டைப்புள்ளை' என்பது 'ஆம்பளைப்புள்ளை'க்கு இணை, வசை அன்று. ஆனால் பிள்ளைப்பேற்று அறையின் வாயிலில், 'பொட்டைப்புள்ளையா?' என்று கேட்கையில் தாழ்ந்துவிடும் குரலை எந்த அகராதியும் பதிவதில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்த நாட்டில், அந்தக் குரலைச் சிறிதென்று தள்ளிவிட இயலாது.

இனி ஃபிகர், சரக்கு, நாட்டுக்கட்டை. இவற்றுக்கு ஆண்பால் இணை ஏது? விளையாட்டுச் சொற்கள் என்பர். 'எங்கள் வீட்டுச் சரக்கு' என்று தன் தமக்கையை நண்பனுக்கு எவனும் அறிமுகம் செய்வதில்லை. சொல்பவனுக்கே பொருள் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இச்சொற்களைக் கவிதையிலிருந்து அடியோடு விலக்க வேண்டும் என்பதன்று கருத்து. குடிகாரன் ஒருவனின் கூற்றாக அமைந்த கவிதையில் 'சரக்கு' வரலாம். அங்கே அது அவனைக் காட்டுகிறது. கவிஞர் தம் குரலிலேயே தெருவில் செல்லும் பெண்ணை அவ்வாறு சுட்டும்போது காட்டப்படுபவர் கவிஞரே. திரைப்பாட்டைக் காட்டித் தப்பவும் வழியில்லை. அதை எழுதுவோரும் கவிஞர்கள்தாமே.