வைத்தியராகப் போகும் பிள்ளைக்கு வீடு செய்ய வேண்டியது

(தோட்டச் சமூக மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி, கூடையை வைத்துவிட்டு, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஓர் அம்மா என்னை வழியில் நிறுத்திக் கேட்டார். "சேர், எங்க புள்ளை டாக்டருக்குப் படிக்கணும்னு சொல்லுது. அதெல்லாம் நம்மளுக்குக் கெடைக்குமா? பெரிய எடத்துல ஆள் தெரிஞ்சிருக்கணுமாமே? லட்சக்கணக்கில காசு வேணுமாமே?" என்றார். அந்த அம்மாவுக்கு வழியில் நின்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் ஆள் விசயம். நம் நாட்டு அரசாங்க மருத்துவ பீடத்துக்குப் பிள்ளையை எடுக்க நேர்முகப் பரீட்சை கிடையாது. யாருடைய சிபாரிசுக் கடிதமும் கேட்பதில்லை. தகப்பன் என்ன வேலை, வீடு லயமா பங்களாவா என்று யாரும் பார்ப்பதில்லை. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற மூன்று பாடங்களின் பெறுபேறுதான் பேசும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை வைத்துத்தான் தெரிவு செய்கிறது.

அடுத்து காசு. அரசாங்க மருத்துவ பீடத்தில் படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஐந்து வருடப் படிப்பு, அதன்பின் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் செலவு வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காசில்லை என்பதற்காகக் கிடைத்த இடத்தை விடவேண்டிய நிலை இல்லை.

பீடங்களும் கூடியிருக்கின்றன. 1870இல் கொழும்பில் தொடங்கியது. 1962இல் பேராதனையிலும் 1978இல் யாழ்ப்பாணத்திலும் வந்தது. இன்று பத்துக்கு மேல் இருக்கின்றன.

சரி, அந்த இசட் புள்ளி என்கிறார்களே, அது என்ன? 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து அந்த முறைதான். உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். மழையில்லாத நாளில் மலையில் எல்லோரும் 14 கிலோ எடுக்கும்போது ஒருவர் 20 கிலோ எடுத்தால் அவர் கெட்டிக்காரி. கொழுந்து கொட்டிக் கிடக்கிற மாதத்தில் எல்லோரும் 30 கிலோ எடுக்கும்போது அதே 20 கிலோவுக்கு மதிப்பு உண்டா? இல்லை. பரீட்சையிலும் அப்படித்தான். எத்தனை மார்க் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரிக்கு எவ்வளவு மேலே நிற்கிறது, மற்றவர்களின் மார்க் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிப் போட்டு, கூட்டி, மூன்றால் பிரிப்பதுதான் இசட் புள்ளி. அதை நான்கு தசம தானம் வரைக்கும் பார்ப்பார்கள். உயிரியலில் கெட்டிக்காரப் பிள்ளை பௌதிகவியலில் விழுந்தால், அந்த ஒன்று மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மொத்த இடங்களில் 40 வீதம் முழு நாட்டுக்கும் பொதுவான திறமை வரிசையில் போகிறது. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்றபடி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் உண்டு. அதனால் நுவரெலியா மாவட்டத்து வெட்டுப்புள்ளி பொதுவாகக் கொழும்பைவிடக் குறைவாக இருக்கும். குறைவு என்றதும் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் ஏறவேண்டிய மலைதான். பிள்ளை எந்த மாவட்டத்தில் சேரும் என்பதை, உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்று பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே நல்ல டியூசன் என்று கேள்விப்பட்டு அவசரமாக வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற்றாதீர்கள். முதலில் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலை அதிபரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் 1988 முதல் 2016 வரை உயர்தர வகுப்பில் படிப்பித்தவன். தொடங்கிய காலத்தில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாக நான்கு பாடங்கள். என் கையால் படித்து மருத்துவ பீடத்துக்குப் போன பிள்ளைகளை எண்ண இரண்டு கை விரல் போதும். போகக்கூடிய மூளை இருந்தும் போகாமல் நின்றவர்களை எண்ண விரல் போதாது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போது யோசித்துப் பார்க்கிறேன்.

போன பிள்ளைகள் பிறவி மேதைகள் இல்லை. வகுப்பில் முதலாம் பிள்ளையாகக்கூடச் சிலர் இருக்கவில்லை. அவர்கள் எல்லோரிடமும் நான் கண்டவை நான்கு.

ஒன்று, ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே கணிதமும் விஞ்ஞானமும் பலமாக இருந்தன. உயர்தரத்துக்கு வந்தபின் அத்திவாரம் போட நேரம் இல்லை. உங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே கேளுங்கள். பதினொன்றில் கேட்டால் காலம் போய்விடும்.

இரண்டு, பாடசாலைக்குப் போகாத நாள் மிகக் குறைவு. திருவிழா, கலியாணம், சடங்கு என்று நாம் பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். இரசாயனவியலில் இரண்டு நாள் பாடம் விடுபட்டால், மூன்றாம் நாள் பாடம் விளங்காது.

மூன்று, கடந்தகால வினாத்தாளை மணிக்கூட்டை வைத்துச் செய்தார்கள். முதல் பத்திரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிசம்கூட இல்லை. தெரிந்த விடையை எழுத நேரமில்லாமல் போனால், தெரியாத பிள்ளைக்கும் தெரிந்த பிள்ளைக்கும் ஒரே மார்க்தான். பிழைத்த வினாவை விட்டுவிடாமல், ஏன் பிழைத்தது என்று தனிக் கொப்பியில் எழுதிவைத்த பிள்ளைகள் முன்னேறியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நான்காவதுதான் பெரியது. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் வீட்டிலும், பிள்ளையின் நேரத்துக்கு யாரோ ஒருவர் காவல் இருந்தார்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா இல்லை. ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு. லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, உங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டு டிவி நம்ம வீட்டிலும் பாடும். அந்த அம்மா அடுத்த காம்பராவுக்குப் போய், "அண்ணே, புள்ளை படிக்குது, ராத்திரி ஏழு மணிக்கு மேல கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சிக்கங்க" என்று கேட்டார். அவர் குறைத்தார். தண்ணீர் எடுப்பது, தம்பிக்குச் சோறு கொடுப்பது எல்லாம் பாட்டி பொறுப்பு. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா ரொட்டி சுட எழும்பும்போது பிள்ளையும் எழும்பும். அம்மா பிரட்டுக்குப் போகும்வரைக்கும் படிப்பு.

முதல் முறை எழுதியபோது வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். லயத்தில் சொன்னார்கள், "போதும், கார்மெண்டுக்கு அனுப்பு" என்று. அந்த அம்மா என்னிடம் வந்தார். "இன்னொரு வாட்டி எழுதட்டும் சேர். ஒரு வருசம் கூடக் கொழுந்து எடுக்க எனக்குக் கையிருக்கு" என்றார். நாங்கள் உட்கார்ந்து எங்கே மார்க் போனது என்று பார்த்தோம். இரசாயனவியலில் கட்டுரை வினாக்கள். அந்த வருடம் முழுக்க அதில்தான் கூடுதலாக உழைத்தாள். இரண்டாம் முறை கிடைத்தது. இன்று அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியர்.

பல்கலைக்கழகத்துக்காக மூன்று தடவை எழுதலாம். இரண்டாம் தடவை எழுதுவது வெட்கம் இல்லை. போனவர்களில் பாதிப்பேர் இரண்டாம் தடவையில்தான் போனார்கள்.

இன்னொருவனைப் பற்றியும் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் போனால் நான் பேசிய பேச்சுக்கு அர்த்தமில்லை. அந்தப் பிள்ளையைவிட அவன் கெட்டிக்காரன். பௌதிகவியல் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கமுன் விடை சொல்வான். பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்ல வந்தான். "மூணு நாலு மாசம்தான் சேர்" என்றான். நானும், "போயிட்டு வாடா, கைச்செலவுக்கு ஆகும்" என்றேன். அவனுக்கும் கொஞ்சத்தில்தான் தப்பியது. திரும்ப எழுதவேண்டும். ஆனால் அதற்குள் வீட்டில் அக்காவின் கலியாணக் கடனுக்குக் கடை முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்தார்கள். அதைக் கழிக்காமல் அவனால் வர முடியவில்லை. அடுத்த வருடமும் போய்விட்டது. அதற்கு அடுத்த வருடம் அவனே, "மறந்துபோச்சு சேர்" என்றான்.

அவன் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. பொங்கலுக்கு வந்தால் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவான். ஆனால் படித்தவன், விசயம் தெரிந்தவன், அவனுடைய ஆசிரியன், நான் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். அந்த மூன்று மாதத்துக்கு நான் காவல் இருக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லும் புத்தி அந்தத் தவறிலிருந்து வந்தது. பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் இடையிலான மாதங்களில்தான் நம் பிள்ளைகள் கைதவறிப் போகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளை பேரில் முற்பணம் வாங்காதீர்கள்.

பெறுபேறு வந்தவுடன் விண்ணப்பத் திகதியைத் தவறவிடாதீர்கள். விண்ணப்பத்தில் மருத்துவம் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிற்கக் கூடாது. பல் வைத்தியம், மிருக வைத்தியம், சித்த மருத்துவம், விவசாயம் என்று விருப்ப வரிசையில் நிறையப் போடலாம். மருத்துவம் கிடைக்காத பிள்ளை தோற்ற பிள்ளை இல்லை. ஆங்கிலம் தெரியாதே என்ற பயமும் வேண்டாம். உயர்தரம் தமிழில் எழுதலாம். ஆங்கிலப் பாட மார்க் இசட் புள்ளியில் சேராது. பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான். முதல் வருடம் கஷ்டம், அதன்பின் பழகிவிடும். நம் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். நாம் இருக்கும் இந்த மண்டபம், கூட்டமும் கலியாணமும் இல்லாத நாளில் பூட்டிக் கிடக்கிறது. இங்கே வெளிச்சம் இருக்கிறது, வாங்கு இருக்கிறது, சத்தம் இல்லை. இந்த டிவிசனில் இந்த வருடம் உயர்தர வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று வரும்போது கேட்டேன், ஒன்பது என்றார்கள். சாயந்தரம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை இதைத் திறந்து வைக்க முடியாதா? ஒரு நாளைக்கு ஒரு தாய், ஒரு தகப்பன் முறைபோட்டு வந்து உட்கார்ந்தால் போதும். உங்களுக்கு இரசாயனவியல் தெரியவேண்டிய அவசியம் இல்லை. பிள்ளை படிக்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கூட்டம் முடிந்து கலையும் முன் அதைப் பேசி முடித்துவிடுங்கள். முதல் வாரம் காவலுக்கு நானே வருகிறேன்.