கோல்ஃப் ஆடும் பெண்ணுக்குக் கல்லூரி இடம்: ஒரு தாத்தா கற்ற பாடம்

(நம் சங்கத்தின் திருப்பதிக் கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு "ஓய்வுக்குப் பின் ஆரோக்கியம்". நான் மாடிப்படி ஏறி வந்ததைப் பார்த்த எவரும் அந்தத் தலைப்பில் என்னைப் பேச விட மாட்டார்கள். ஆகவே அவர் அனுமதியோடு வேறு விஷயம் பேசுகிறேன். சென்ற வருஷம் இதே கூட்டத்தில் மூன்று பேர் என்னைத் தனியாக அழைத்து, "உங்க பேத்தி அமெரிக்காவில கோல்ஃப் ஆடிண்டே படிக்கிறாளாமே, எங்காத்துப் பொண்ணும் நன்னா விளையாடறா, என்ன பண்ணணும்?" என்று கேட்டார்கள். மூவருக்கும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொன்னேன். இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் வரும்.

நான் சித்தூரில் பிறந்தவன். திருப்பதி எஸ்.வி. ஆர்ட்ஸ் காலேஜில் பி.எஸ்ஸி. பௌதிகம். பிறகு ஓய்வு பெறும் வரை மாநில அரசின் புள்ளிவிவரத் துறை. கோல்ஃப் என்றால் கம்பெனி முதலாளிகள் தொப்பி போட்டுக்கொண்டு நடக்கும் ஆட்டம் என்பதற்கு மேல் 2018 வரை எனக்கு ஒன்றும் தெரியாது. பெங்களூரில் இருக்கும் என் பிள்ளையின் பெண் அந்த வருஷம், பன்னிரண்டு வயதில், மட்டையைத் தொட்டாள். 2020 ஊரடங்கின்போது எல்லோரும் திருப்பதி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலை நட்டு மீன் வலையைக் கட்டினோம். பழைய தென்னங்கயிற்றுக் கால்மிதிதான் புல்தரை. தினம் காலை இருநூறு பந்து. பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "மேலே என்ன, தேங்காய் உடைக்கறேளா?"

ஆட்டமும் அதன் கணக்கும்

ஆட்டம் எளிது. பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தைப் போட எத்தனை அடி ஆயிற்று என்பதே கணக்கு. தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று ஓர் அளவு உண்டு, அதற்கு "பார்" என்று பெயர். பெரும்பாலான மைதானங்களில் மொத்தம் 72 அல்லது அதற்கு ஒன்றிரண்டு குறைவு. குறைவாக அடித்தவர் ஜெயித்தவர். முடிக்க நாலரை மணி நேரம், எட்டு பத்துக் கிலோமீட்டர் நடை.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. போட்டியில் உங்கள் அடிகளை உடன் ஆடுபவர் எழுதுவார். கடைசியில் நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு குழியில் அடித்ததைவிடக் குறைவாக எழுதிய அட்டையில் கையெழுத்திட்டால், பொதுவாகத் தகுதி நீக்கம்தான். அரசாங்க ஆபீசில் இருந்தவனுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

நம் பெண்களுக்கு இந்த ஆட்டத்தில் வழி காட்டியவர் பெங்களூரின் அதிதி அசோக். 1998ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த 2016லேயே தொழில்முறை ஆட்டக்காரராகி, ரியோ ஒலிம்பிக்கில் ஆடி, அதே வருஷம் இந்திய ஓப்பனையும் ஜெயித்தார். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்றை விடியற்காலையில் எழுந்து பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். உலகத் தரவரிசையில் 200வது இடத்திலிருந்து வந்த பெண், நான்காவதாக முடித்தார். ஒரே ஓர் அடியில் வெண்கலம் தவறியது. அன்று அவருடைய பையைச் சுமந்து கூட நடந்தது பெற்ற தாயார். என் மாட்டுப்பெண் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேத்திக்கு அப்போது வயது பதினைந்து.

அதிதி கல்லூரிக்குப் போகாமல் தொழில்முறைக்குப் போனார். அது கோடியில் ஒருவருக்குப் பொருந்தும் வழி. இன்னொரு வழி படிப்போடு ஆடுவது. நியூ ஜெர்சியில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண் மேகா கன்னே, 2021ல் பள்ளி மாணவியாக அமெரிக்கப் பெண்கள் ஓப்பனில் ஆடி, அமெச்சூர்களில் முதலாவதாக வந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து, 2025ல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் சாம்பியன் பட்டத்தை வென்றார். நம் வீட்டுப் பெண்கள் மேகா கன்னே அளவுக்கு ஆட வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வழி அவர்களுக்கும் திறந்திருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரி ஏன் பணம் கொடுக்கிறது?

1972ல் அமெரிக்காவில் "டைட்டில் நைன்" என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டுக்கும் அது பொருந்தியது. அதன் விளைவாகத்தான் முதல் பிரிவுக் கல்லூரிகளில் ஆண்கள் கோல்ஃப் அணிக்கு நாலரை உதவித்தொகை என்றிருந்தபோது பெண்கள் அணிக்கு ஆறு என்றிருந்தது. ஆறை எட்டொன்பது பேருக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025ல் ஒரு நீதிமன்றச் சமரசத்துக்குப் பின், அதை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு போய், அணியில் ஒன்பது பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இரண்டாம் பிரிவிலும் உதவித்தொகை உண்டு. மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று பணம் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிதான். இந்த வித்தியாசம் தெரியாமல் ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள்.

போட்டிகளில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். சிறந்த நான்கு பேரின் கணக்கு சேரும். ஆகவே கோச் தேடுவது ஒரு நாள் 70 அடித்து மறுநாள் 88 அடிக்கும் பெண்ணை அல்ல. எந்த மைதானத்திலும், எந்த வெய்யிலிலும் நம்பக்கூடிய பெண்ணை.

நான் செய்த தப்பு

என் உத்தியோகத்தில் வேர்க்கடலை அறுவடைப் பரிசோதனைக்காகப் பீலேர், புங்கனூர் பக்கம் போவேன். மகசூல் கணக்கிட, குலுக்கல் எண் போட்டு வயலில் ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுப்போம். விவசாயி கெஞ்சுவார்: "சார், அந்த மூலையில் வெட்டுங்கள், நன்றாக விளைந்திருக்கிறது." முடியாது என்பேன். எண் காட்டிய இடத்தில்தான் வெட்ட வேண்டும். பாறையாக இருந்தாலும் சரி. இதை எத்தனை இளம் அதிகாரிகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்!

பத்தாம் வகுப்பு முடிந்த வருஷம் ஜூன் 15க்குப் பிறகுதான் அமெரிக்கக் கோச்சுகள் மாணவிக்கு நேரடியாகப் பதில் எழுதலாம் என்பது விதி. 2022ல் அந்த நாள் வந்தது. கடிதங்களைத் தயாரிக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவதில் எனக்குப் பெருமை அதிகம். பேத்தியின் போட்டிக் கணக்குகளில் 72, 73, 74 என்ற மூன்றை எடுத்து "சமீபத்திய சராசரி 73" என்று எழுதினேன். உண்மையான சராசரி 79. அவள் பெயரில் நாற்பது கோச்சுகளுக்கு அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் ஒரு கோச்சிடமிருந்து இரண்டு வரி வந்தது. இணையத்தில் இருந்த போட்டி முடிவுகளைப் பார்த்திருக்கிறார். 81, 78, 80 என்று இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

பேத்தி அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "தாத்தா, நன்னா ஆடின நாளை மட்டும் போட்டிருக்கேளே. கார்டுல இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டா என்னை வெளியில அனுப்பிடுவா" என்றாள். நான் விவசாயி காட்டிய மூலையில் வெட்டியிருந்தேன்.

அன்று இரவு அவளே உட்கார்ந்து, இரண்டு வருஷத்தில் ஆடிய எல்லா ரவுண்டுகளையும் தேதியோடு எழுதினாள். மைதானத்தின் பெயர், எத்தனை கெஜ நீளம் என்பதும் எழுதினாள். 86 அடித்த நாளையும் சேர்த்தாள். முன் அனுப்பியது தவறு, மன்னிக்கவும் என்று நாற்பது பேருக்கும் அனுப்பினாள். இரண்டு வரி எழுதிய கோச் பிறகு எழுதவே இல்லை. பெரும்பாலோர் அப்படித்தான். இன்னொரு கோச், 86க்கு மறுநாள் 75 எப்படி அடித்தாய் என்று கேட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்து ஒரு வருஷம் நடந்தது. கடைசியில் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டார். 2024ல் அவளை எடுத்துக்கொண்டது ஓர் இரண்டாம் பிரிவுக் கல்லூரி. செலவில் பாதிக்குக் குறைவாக உதவித்தொகை. மீதி என் பிள்ளை கட்டுகிறான். முதல் வருஷத்தில் ஐவரில் ஒருத்தியாக ஆடக் கிடைத்தது சில போட்டிகளே. இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கேட்ட மூவருக்கும் என் பதில்

முதலாவது, கடிதத்தைப் பெண்ணே எழுதட்டும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. கோச் அழைத்தால் பேசப்போவது அவள்தானே.

இரண்டாவது, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பட்டியல்களைப் பத்திரப்படுத்துங்கள். முதல் இரண்டு பிரிவுகளுக்கும் தகுதி பார்க்கும் மையம், அந்த நான்கு வருஷத்தில் பதினாறு பாடங்களைக் கணக்கில் எடுக்கிறது. பன்னிரண்டு முடித்து "ஒரு வருஷம் ஆடிவிட்டுச் சேரலாம்" என்று தள்ளிப்போடும் முன் விதியைப் படியுங்கள். பரிசுப் பணத்தைத் தொடும் முன்னும் அப்படியே.

மூன்றாவது, வெவ்வேறு ஊர்களில் ஆட விடுங்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்குமேல் 900 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு, ஆகவே பந்து சற்று அதிக தூரம் போகும். அங்கே அளந்த தூரத்தை நம்பி, சென்னை நந்தனம் மைதானத்தில் பேத்தி ஆடியபோது பந்தெல்லாம் முன்னாலேயே விழுந்தது. பௌதிகம் படித்த தாத்தா பிற்பாடுதான் காரணம் சொன்னான்! இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நடக்கும் போட்டிகளுக்கே கோச்சுகளிடம் மதிப்பு. வீடியோ அனுப்பினால் எதிரிலிருந்தும் பின்னாலிருந்தும், வெட்டி ஒட்டாமல்.

நான்காவது, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆடும்போது பையைச் சுமக்கும் கேடியைத் தவிர வெளியாள் யோசனை சொல்லக் கூடாது. நல்ல எண்ணத்தில் நாம் கத்திக்கொண்டே இருந்தால் தண்டனை குழந்தைக்கு வரலாம். தயிர் சாதம், தண்ணீர், குடை, இவற்றோடு நம் கடமை முடிந்தது.

ஐந்தாவது, அவளுக்கு உண்மையிலேயே ஆட ஆசையா என்று வருஷம் ஒரு முறை கேளுங்கள். இல்லை என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு பழைய கதை

1968ல் சித்தூரில் என் தங்கைக்குப் பதினைந்து வயது. மஞ்சள் கம்பளிப் பந்தில் ஆடுவோமே, பால் பேட்மின்டன், அதில் கெட்டிக்காரி. அனந்தப்பூரில் இரண்டு நாள் போட்டிக்குப் பள்ளி அணியில் தேர்வானாள். அப்பா கண்டிப்பானவர்தான். ஆனாலும், "அண்ணா துணைக்குப் போனால் அனுப்புகிறேன்" என்றார். நான் ப்ராக்டிகல் பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பரீட்சை எதுவும் இல்லை. பெண்கள் அணியோடு பஸ்ஸில் போனால் சிநேகிதர்கள் கேலி செய்வார்களே என்ற வெட்கம். அவள் போகவில்லை. பிறகு இங்கே பத்மாவதி பெண்கள் கல்லூரியில் படித்து, ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். மறுபடி பந்தைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

பேத்தியின் போட்டிகளுக்கு நான் திருப்பதியிலிருந்து பஸ் பிடித்துப் பெங்களூரும் சென்னையும் போனதை வீட்டில் எல்லோரும் பாசம் என்பார்கள். பாதி பாசம், பாதி பழைய பாக்கி.

2024 ஆகஸ்டில் வழியனுப்ப விமான நிலையத்துக்குத் தங்கையும் வந்திருந்தாள். பேத்தி உள்ளே போனபின் என்னிடம், "அண்ணா, இவளோட எல்லா மேட்சுக்கும் போனியாமே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பெண் கோல்ஃப் ஆடலாம், டென்னிஸ் ஆடலாம், செஸ் ஆடலாம். அவள் ஜெயிப்பாளா என்பது நம் கையில் இல்லை. கூடப் போவது நம் கையில் இருக்கிறது. கணக்கை உள்ளபடி எழுதுவதும் நம் கையில்தான். யாருக்காவது உபயோகப்படுமானால் ஆத்துக்கு வாருங்கள், பேத்தி எழுதிய நோட்டைக் காட்டுகிறேன். அந்த 86ம் அதில் இருக்கிறது.