சுன்னாகத்துக் கோச்சி



கோச்சி கொழும்பிலிருந்துதான் எங்களிடம் வந்தது என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். அப்படியல்ல. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான் இங்கு முதன்முதலில் புகையிரதம் ஓடியது. கொழும்புப் பாதையுடன் அது இணைந்தது 1905இல்.

1956இல் யாழ்தேவியும் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கோச்சி இரவு மெயில்தான். ஐயா கொழும்பில் எழுதுவினைஞர். வெள்ளி இரவு ஏறினால் சனி காலை படலையடியில் நிற்பார். இணுவில் பக்கமாக ஊதல் கேட்டதும் அம்மா அடுப்பு மூட்டுவா.

1990 ஜூனில் எல்லாம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எங்கள் வளவிலும் அப்படித்தான். தன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பாதையின் கீழேயே ஐயா குந்தியிருந்தார்.

2015 ஜனவரியில் கோச்சி மீண்டும் காங்கேசன்துறைவரை ஓடியது. சுன்னாகம் நிலையத்தில் நான் நின்றேன். ஐயா அதைக் காண இருக்கவில்லை.

“முந்தியும் இதே பாதையோ, ஐயா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“பாதை அதேதான், தம்பி. கட்டைகள்தான் இப்ப கொங்கிறீற்று.”

பழைய கட்டைகள் எங்கே போயின என்று அவன் கேட்கவில்லை. அதனால்தான், நேயர்களே, உங்களிடம் சொன்னேன்.