மதுவும் மைஸிரும்

(மேல்பட்டாம்பாக்கம் பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் அல்பகரா 219, அல்மாயிதா 90 ஆகிய இரு வசனங்களிலும் மதுவையும் மைஸிர் எனும் சூதாட்டத்தையும் இணைத்தே கூறுகின்றான். அந்த இணைப்பின் பொருளை உணராமல் நாமும் ஒருமுறை தவறினோம்.

முன்னர் நாம் இமாமத் செய்த ஊரில் சகோதரர் ஒருவர் குடியை விட்டொழித்தார். ஸுப்ஹுத் தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பார். மிம்பரில் நின்று நாமே அவரைப் பாராட்டினோம். ஓராண்டு கழித்து அவருடைய மனைவி, காதில் தோடின்றி நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். கணவர் கைப்பேசியில் ரம்மி ஆடி, நகைகளை எல்லாம் அடகு வைத்திருந்தார். "குடித்தால் வாடையாவது காட்டிக்கொடுக்கும், இதற்கு வாடையும் இல்லையே, ஹஜ்ரத்!" என்று அழுதார்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சூதாட்ட அடிமைத்தனம், மது மற்றும் போதைப்பொருள் நோய்களோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. 'அடுத்த ஆட்டத்தில் வெல்வோம்' என்ற எதிர்பார்ப்பும் மூளையைப் போதையைப் போலவே பிடித்துக்கொள்கிறது. மதுவை விட்டவரின் மனவெறுமையில் அது எளிதில் குடியேறிவிடுகிறது.

நம் மாநிலத்தில் 2003இல் லாட்டரி தடைசெய்யப்பட்டது. 2023இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை பொருந்தாது என அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. சட்டம் வேண்டும்தான், ஆனால் நள்ளிரவில் போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசியை வீட்டாரன்றி யார் காண்பார்?

எனவே, குடியை விட்டவரைப் பாராட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அவருடைய ஓய்வு நேரம் எவ்வாறு கழிகிறது என்றும் பரிவுடன் விசாரியுங்கள். நெய்வேலியில் இரவு ஷிப்டு முடித்துவந்து பகலில் தனித்திருப்போரையும் கவனியுங்கள். கடன் தீர்க்க உதவுவதானால், பணத்தை அவர் கையில் தராமல் கடன் கொடுத்தவரிடமே சேருங்கள். ஏசாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று, பழைய குடியையும் இன்றைய ஆட்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அரசின் 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தச் சகோதரர் பின்னர் சிகிச்சைக்குச் சென்றார். அன்று நாம் பாராட்டியதோடு நில்லாமல் விசாரித்தும் இருந்தால், அந்தத் தோடு தப்பியிருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை இவ்விரு தீமைகளிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.