கேட்டுக் கொடுப்போம்

(நமது அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில், வ. புதுப்பட்டியைச் சேர்ந்த தம்பதியர் ஆற்றிய உரை)



பழைய ஆம்னி வேனில் பலகைக் கட்டில் போட்டு, அடுப்பும் பாத்திரமும் ஏற்றி, 2024 ஜனவரியில் காயல்பட்டினத்திலிருந்து நாகூர் வரை கடற்கரையோரமாகப் போய்வந்தோம். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னீர்கள். சிரித்ததும் உண்டு, வெட்கப்பட்டதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நம் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அதனால் எங்கள் பயணத்தின் முதல் நிறுத்தத்தை அங்கே வைத்தோம். நம் தெருக்களில் வீடு வீடாகப் போய்த் துணி சேகரித்தோம். எட்டு மூட்டை சேர்ந்தது. படுக்க இடமில்லாமல், மூட்டைமேலேயே சாய்ந்துகொண்டு போனோம்.

அங்கே ஒரு வீட்டு வாசலில் முதல் மூட்டையை அவிழ்த்தோம். பொத்தான் இல்லாத சட்டை, கிழிந்த சேலை, ஒற்றைக்கால் செருப்பு. அந்த வீட்டுப் பெரியம்மா கோபப்படவில்லை. "துணிமணி நிறைய வந்துடுச்சும்மா. வைக்கத்தான் இடமில்லை. சேறு அள்ள ஆள் கிடைச்சா நல்லது" என்றார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

நான்கு நாள் அங்கே தங்கினோம். ஒருவர் மண்வெட்டி பிடிக்க, மற்றவர் பாத்திரம் கழுவினோம். கிழிந்த துணியெல்லாம் சேறு துடைக்கத்தான் உதவியது. கேட்டுப் பார்த்தபோது தேவை வேறாக இருந்தது: பாய், மெத்தை, கேஸ் அடுப்பு, பிள்ளைகளுக்கு நோட்டு. நனைந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் வாங்க மனு எழுதித் தரவும் ஆள் தேடினார்கள். மனு எழுதுவது எங்களுக்குத் தெரியும். எட்டு மூட்டையைவிட அந்தப் பேனாதான் அங்கே பயன்பட்டது.

பிறகு கீழக்கரை வழியாக இராமேஸ்வரம் போய், தனுஷ்கோடியைப் பார்த்தோம். 1964 டிசம்பர் புயலில் ஒரு ரயிலோடு சேர்ந்து அழிந்த ஊர் அது. கடலைப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில் வேனைச் சாலையைவிட்டு இறக்கினோம். சக்கரம் மணலில் புதைந்தது. பொழுது சாயும் நேரம். இரவில் அங்கே தங்கக் கூடாது. பத்துப் பேர் ஓடி வந்து தள்ளினார்கள். தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் புதைந்தது. கடைசியில் வந்த மீனவர் ஒருவர் எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். குனிந்து பார்த்தார். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் பனைமட்டைகளைப் போட்டார். வேன் மெதுவாக ஏறி வந்துவிட்டது. தள்ளியவர்களுக்கும் நல்ல மனசுதான். ஆனால் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தவர் அவர் ஒருவரே.

தொண்டியில் இன்னொரு கூத்து. இரவெல்லாம் மின்விசிறி ஓடியதில் பேட்டரி இறங்கிவிட்டது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள்.

நாகூரில் 2004 சுனாமியைப் பற்றிப் பேச்சு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6000 பேர் மவுத்தான நாள் அது. தர்கா வீடிழந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. இறந்தவர்களை மதம் பாராமல் அடக்கம் செய்ய இடமும் கொடுத்தது. அந்த நேரத்துக்கு என்ன தேவையோ அதைக் கொடுத்தார்கள். அதே நாட்களில் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாக வந்த பழந்துணி, எடுப்பாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. எங்கள் எட்டு மூட்டை ஞாபகத்துக்கு வந்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் நமக்குத் தெரிந்ததுதான். நமக்கே தந்தால் முகம் சுளித்து வாங்கும் பொருளைத் தர்மத்துக்கென்று ஒதுக்கக் கூடாது என்று அல்லாஹ் எச்சரிக்கிறான். பலமுறை ஓதியிருக்கிறோம். அந்த வாசலில் மூட்டையை அவிழ்த்தபோதுதான் அது எங்களுக்குச் சொன்னது என்று புரிந்தது.

அறக்கட்டளையிடம் மூன்று கோரிக்கை வைக்கிறோம். ஒன்று, எங்கே பேரிடர் என்றாலும் வண்டி கிளம்புமுன் அந்த ஊர் ஜமாஅத்துக்குப் போன் செய்து என்ன வேண்டும் என்று கேட்போம். இரண்டு, துணி கொடுத்தால் புதியதாக, அளவு எழுதிக் கொடுப்போம். முடிந்தால் பணமாகவே அனுப்புவோம். அந்த ஊர்க் கடையில் வாங்கினால் அந்த வியாபாரியும் எழுந்து நிற்பார். மூன்று, எலக்ட்ரீசியன், கொத்தனார், அடுப்பு ரிப்பேர் தெரிந்தவர், மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் என்று நம் ஊரில் யார் யார் வரத் தயார் என ஒரு பட்டியல் வைத்திருப்போம். எங்கள் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வேனும் தயாராக இருக்கிறது, பேட்டரி புதிது.

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கும் ஒருநாள் சோதனை வரலாம். அன்று நம் வாசலுக்கு வருபவர் முதலில் என்ன வேண்டும் என்று கேட்பவராக இருக்க, அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.