மெல்லுதலும் அதற்கு நேரும் இடையூறுகளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மெல்லுதல் என்பது. பல்லுள்ளவர் யாவரும் செய்யும் இத்தொழிலைப்பற்றிப் பிரசங்கமும் வேண்டுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். நாடோறும் செய்யும் தொழிலையே நாம் கவனியாது விடுகிறோம். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்னும் பழமொழியை அறியாதார் நம்மில் இல்லை. அதன்படி உண்பவரோ மிகச் சிலர்.

மெல்லுங்கால் மேல்தாடை அசைவதில்லை. கீழ்த்தாடையே மேலுங் கீழும் பக்கவாட்டிலும் இயங்குகின்றது. அதனை இயக்குவன பக்கத்துக்கு நான்காக அமைந்த தசைகள். பற்களை இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே புடைத்தெழுவன அவற்றுள் இரண்டாம். வளர்ந்தார்க்குரிய 32 பற்களுள் முன்பற்கள் 8-ம் நறுக்கும். கோரைப்பற்கள் 4-ம் கிழிக்கும். எஞ்சிய 20-ம் அரைக்கும். ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறவள் ஒரு கையால் குழவியைச் சுற்றி மறு கையால் மாவைத் தள்ளிக் கொடுப்பதுபோல, நாவும் கன்னமும் உணவை மீண்டும் மீண்டும் பற்களுக்கிடையே தள்ளுகின்றன.

இவ்வரைவைக்கு நீர் வார்ப்பது உமிழ்நீர். சோற்றை நெடுநேரம் மென்றால் தித்திப்பதற்குக் காரணம், அந்நீரிலுள்ள ஒரு பொருள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்குவதே. ஆகவே ஜீரணம் வயிற்றில் அன்று, வாயிலேயே ஆரம்பமாகின்றது. பல்லின் வேரைச் சூழ்ந்த நரம்புகளோ காவலாளர் போன்றவை. சோற்றில் சிறு கல் அகப்பட்டவுடன், நாம் நினைக்குமுன்னரே தாடை திறந்துகொள்வது அவற்றின் உதவியாலேயாம்.

இனி, இத்தொழிலுக்கு நேரும் இடையூறுகளைக் கூறுவேன். முதலாவது அவசரம். நம் கலியாணப் பந்திகளில், அடுத்த பந்திக்குரியார் இலைக்குப் பின்னே வந்து நிற்க, உண்பவர் மெல்லாது விழுங்கி எழுகின்றனர். விருந்தளித்தும் உண்ண விடாமை உபசாரமாகாது. விசேஷ வீட்டார் இதனைத் திருத்துதல் வேண்டும்.

இரண்டாவது, பல்லிழந்த முதியோரின் நிலை. "வயதானவர்தாமே, கஞ்சி போதும்" என்று பல வீடுகளில் விட்டுவிடுகின்றனர். காயும் கனியும் பயறும் அவருணவினின்று ஒவ்வொன்றாய் நீங்க, தேகம் மெலிகின்றது. பல் வைத்தியரைக் கொண்டு செயற்கைப் பல் கட்டுவித்தலும், அதுகாறும் காய்களைக் குழைய வேகவைத்தும் பயற்றை மசித்தும் கொடுத்தலும் மக்களின் கடமை. சில மருந்துகளால் வாய் உலர்ந்து மெல்லுதல் கடினமாவதும் உண்டு. அதனை வைத்தியருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

மூன்றாவதே மிகக் கொடியது. தாம்பூலம் நமக்கு மங்கலப்பொருள். அதனைக் கொடுத்தலையும் வாங்குதலையும் யான் மறுக்கவில்லை. ஆனால் இடைவிடாது பாக்கு மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்புறம் நாராய் இறுகி, நாளடைவில் ஒரு கவளத்துக்கும் வாய் திறவாத நோய் வருகின்றது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதிசெய்துள்ளது. புகையிலை சேர்ந்தால் கேடு பின்னும் பெரிது. கடைகளில் சிறு பொட்டலங்களில் விற்கும் பாக்குத்தூளை நம் சிறுவர் தின்னாதபடி காத்தல் பெற்றோர் பொறுப்பு. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ காணின், வலியில்லையென்று வாளாவிராது உடனே வைத்தியரிடம் காட்டுக. தொடக்கத்தில் அறியப்படும் நோயைத் தீர்த்தல் எளிது.

சகோதரர்களே! மெல்லற்குரியதை நன்கு மெல்லுவதும், மெல்லத்தகாததை விலக்குவதும் காசு செலவில்லாத வைத்தியங்கள். பந்தியில் அவசரம் ஒழிக; முதியோர் இலையில் கனிவு பெருகுக; தாம்பூலம் தட்டில் மங்கலமாய் நிற்க, வாய் தூயதாய் விளங்குக.