மெதுவாக ஓட்டினால் தண்டமா?

(ஜேர்மனியில் எமது ஒன்றியத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

புத்தாண்டும் அதுவுமாக மேடை ஏறியவன் மொழி, பண்பாடு என்று பேசாமல் றோட்டைப் பற்றிக் கதைக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். என்ன செய்வது? இந்த நாட்டில் எங்கட வாழ்க்கையில் பாதி காருக்குள்தானே போகிறது. விடியப்புறம் வேலை, பின்னேரம் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, சனி ஞாயிறு கலியாணவீடு. இன்றைக்கு இந்த மண்டபத்துக்கு வந்தவர்களிலும் எத்தனை பேர் முன்னால் போனவரைத் திட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள்! "இவருக்கு ஆர் லைசென்ஸ் குடுத்தது? பிடிச்சுத் தண்டம் போட வேணும்!" நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஜேர்மன் வீதிப் போக்குவரத்து விதிகளின் 3ஆம் பிரிவில் வேகமாக ஓடுவதைப் பற்றி மட்டுமல்ல, மெதுவாக ஓடுவதைப் பற்றியும் இருக்கிறது. தக்க காரணம் இல்லாமல், மற்ற வாகனங்களின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாகும் அளவுக்கு மெதுவாக ஓட்டக்கூடாது. ஓட்டினால் 20 யூரோ தண்டம். ஆகவே தண்டம் வேண்டுமா என்ற கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே "ஓம்" என்று பதில் சொல்லிவிட்டது. ஆனால் "தக்க காரணம் இல்லாமல்" என்ற மூன்று சொற்களை நாங்கள் மறந்துவிடுகிறோம். மூடுபனி ஒரு காரணம். பார்வை தூரம் 50 மீற்றருக்குக் குறைந்தால் 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவே கூடாது. உறைபனியும் ஒரு காரணம். வீதி வழுக்கும்போது மெதுவாகப் போகிறவர் குற்றவாளி அல்ல, புத்திசாலி.

இந்தச் சட்டம் ஏன் வேண்டும்? ஓட்டோபானை எடுத்துக்கொள்வோம். அங்கே 60 தான் ஆகக்குறைந்த வேகம் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. 60க்கு மேல் ஓடக்கூடியதாகச் செய்யப்பட்ட வாகனங்கள் மட்டுமே அதில் ஏறலாம் என்பதுதான் விதி. இப்போது ஒருவர் வெறும் றோட்டில் 60இல் போகிறார், பின்னால் ஒருவர் 130இல் வருகிறார் என்று வையுங்கள். இருவருக்கும் இடையில் 200 மீற்றர் இருந்தாலும், பத்தே விநாடியில் அந்த இடைவெளி முடிந்துவிடும். பின்னால் வருபவர் பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசித் திரும்பும் நேரம் அது. ஆகவே மெதுவாகப் போனால் எப்போதும் பாதுகாப்பு என்பதும் பிழை.

மறுபக்கத்தையும் பார்ப்போம். கிராமத்து வீதியில் 100 போகலாம். முன்னால் ஒருவர் 80இல் போகிறார். பத்துக் கிலோமீற்றர் தூரம் அவருக்குப் பின்னாலேயே போனால் எங்களுக்கு எவ்வளவு நட்டம்? 100இல் ஆறு நிமிடம், 80இல் ஏழரை நிமிடம். ஒன்றரை நிமிடம்தான் நட்டம்! அந்த ஒன்றரை நிமிடத்துக்காக நாங்கள் என்னவெல்லாம் செய்கிறோம்!

நான் செய்ததைச் சொல்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம், மத்தியான வேலைக்குப் பிந்திவிட்டது. எனக்கு முன்னால் ஒரு சின்னக் கார் 60இல் போய்க்கொண்டிருந்தது. வளைவான வீதி, முந்த இடமில்லை. நான் நெருங்கி நெருங்கிப் போய் லைட் அடித்தேன், ஹோர்ன் அடித்தேன். 100இல் போனால் 50 மீற்றர் இடைவெளி வேண்டும், 60இல் போனால் 30 மீற்றர் வேண்டும். எங்களுக்கு இடையில் ஒரு கார் நிற்கிற இடமும் இருந்திருக்காது. கடைசியில் அந்தக் கார் ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கியது. நான் கையை ஆட்டி ஏசிக்கொண்டு கடந்து போனேன்.

இரண்டு கிழமை கழித்து, எங்கட ஒன்றியக் கூட்டத்தில் ஓர் அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டா: "தம்பி, அண்டைக்கு எனக்குப் பின்னாலை லைட் அடிச்சுக்கொண்டு வந்தது நீர்தானே?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. அன்றைக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்த கணவரை ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. தையல் பிரியாத உடம்பு, கார் குலுங்கினால் மனுசன் முனகுவார். அவவுக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று மாதம். 52 வயதில் பழகியவ. ஊரில் இடப்பக்கம் சைக்கிள் ஓடின ஆள், இங்கே வலப்பக்கம் கார் ஓடப் பழக வேண்டும். எழுத்துப் பரீட்சை பன்னிரண்டு பிறமொழிகளில் எழுதலாம், ஆனால் தமிழில் எழுத முடியாது. ஜேர்மன் சொல் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதிப் பாடமாக்கித்தான் பாஸ் பண்ணினவ. பஸ் தரிப்பிடத்தில் கால் நடுங்கி, இருபது நிமிடம் காரை எடுக்க முடியாமல் இருந்தாவாம். அதற்குப் பிறகு இரண்டு கிழமை ஸ்ரியறிங்கைத் தொடவே இல்லை.

அக்காவின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். அவ இங்கேதான் இருக்கிறா.

சட்டப்படி பார்த்தால் அன்றைக்குத் தண்டம் யாருக்கு? அவவிடம் தக்க காரணம் இருந்தது. என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அப்படி நெருக்கி மிரட்டுவது இந்நாட்டில் தண்டத்தோடு நில்லாமல் குற்றவியல் வழக்காகவும் போகலாம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அதன் பின் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை நான் அவவின் காரில் பக்கத்துச் சீற்றில் இருந்தேன். ஓட்டோபானில் ஏறும்போது பயந்து நிற்காமல், ஏறுபாதையிலேயே வேகத்தைக் கூட்டி மற்றவர்களோடு சேரப் பழகினா. பின்னால் வாகனங்கள் வரிசையாகச் சேர்ந்தால் வசதியான இடத்தில் ஒதுங்கி விடவும் பழகினா. அதுவும் விதியில் இருப்பதுதான். மெதுவாகப் போகும் வாகனம், தனக்குப் பின்னால் பல வாகனங்கள் சேர்ந்து வேறு வழியில் முந்த முடியாவிட்டால், தகுந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தோ நின்றோ அவர்களை விட வேண்டும். உழவு இயந்திரம் ஓட்டும் விவசாயிகள் இப்படி ஒதுங்குவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஆகவே என்னுடைய முடிவு இதுதான். காரணமில்லாமல் வழியை மறிப்பவருக்குத் தண்டம் போடட்டும். இடப்பக்க ஓடுபாதையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பவருக்குப் போடட்டும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்து போகிறவருக்கு 100 யூரோவும் ஒரு புள்ளியும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் பயத்துக்குத் தண்டம் போட்டு வேலையில்லை. 20 யூரோ கட்டினால் பயம் போகுமா? கூடத்தான் செய்யும். பயத்துக்கு மருந்து பழக்கம். பழகிப் போகும்வரை ஓட்டோபானில் ஏறாமல் இருப்பது அந்த ஓட்டுநரின் கடமை. பழக்கிவிடுவது எங்கட கடமை.

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றும் எங்கட ஆட்கள்தான் சொன்னார்கள். இரண்டும் சரிதான். முன்னால் போகிறவர் இரண்டாவதை நினைக்கட்டும், பின்னால் வருகிறவர் முதலாவதை நினைக்கட்டும்.

இன்றிரவு விழா முடிந்து வீடு போகும்போது உங்களுக்கு முன்னால் ஒரு கார் மெதுவாகப் போனால் ஹோர்னில் கை வைக்க முதல் ஒரு கணம் யோசியுங்கள். அதற்குள் எங்கட அக்காவும் இருக்கலாம்.

எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.